ஓட்டுநர் பக்கம்

டொங்காட் சுங்கச்சாவடியில்
சில்லறையை நீட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.
கண்ணாடி மேலே வரவில்லை.
கதவின் வயிற்றுக்குள் எங்கோ தொப்பென்றது,
தபால் பெட்டிக்குள் தவறிப்போன சாவி மாதிரி.

பின்னால் கரும்பு லாரி ஹாரன் அடித்தது.
இடது இருக்கையில் குளிர்பெட்டி;
அதற்குள் ஸ்டாங்கர் மருத்துவமனையின்
நாற்பத்தொரு குழாய் இரத்தம்,
பெல்ட் போட்டு, என்னைவிடச் சமர்த்தாக.

டர்பன் வரை மழை என் வலது தோளில் வந்தது.
சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம்
கைப்பையைத் தொடைக்கடியில் தள்ளிக்கொண்டேன்.
இந்த ஊரில் திறந்த ஜன்னல்
காற்று வாங்குவதற்கல்ல.

வண்டி எடுத்த அன்று
மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில் வாசலில்
நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் நசுக்கினோம்.
ஜன்னலுக்கு யார் பழம் வைக்கிறார்கள்?

*

கம்பெனிக் கடிதம் மார்ச்சிலேயே வந்திருந்தது:
ஓட்டுநர் பக்கக் கண்ணாடியின் பசை
பிடிப்பின்றிக் கழன்றுவிடக்கூடும்,
இலவசமாகச் சரிசெய்து தரப்படும்,
சிரமத்துக்கு வருந்துகிறோம்.

உம்கேனி சாலை ஷோரூமில் தேஷாந்திரி மூட்லி
வண்டியின் நீள நம்பரைத் தட்டிப் பார்த்தாள்.
"லிஸ்ட்ல இருக்கு, ஆன்ட்டி."
அங்கேயே நின்று முருகனுக்கு
ஒரு குடம் பால் நேர்ந்துகொண்டேன்.

மாலை நாலு மணிக்குச் சாவி தந்தார்கள்.
இடது கண்ணாடி, ஒரு குறையும் இல்லாதிருந்த
அந்த இடது கண்ணாடி,
புதுப் பசையில் வழுக்கி ஏறியது, இறங்கியது.
வலதில் நான் ஒட்டிவைத்த குப்பைப் பை
அப்படியே படபடத்துக்கொண்டிருந்தது.

"பார்ட் நம்பர் இடதுக்குத்தான், ஆன்ட்டி.
இதை எழுதினவங்க நாட்டுல
ஓட்டுறவங்க இடப்பக்கம் உட்காருவாங்க."

"நான் எங்கே உட்காருகிறேன்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள்.
திரையில் நான் இடப்பக்கம்தான் இருந்தேன்.

மேலாளர் வினோலன் ரெட்டி டீ வரவழைத்தார்.
வார்த்தை வேறு, கவரேஜ் வேறு என்றார்.
கதவை ஓங்கிச் சாத்தும் பழக்கம் உண்டா என்றார்.
அதுவரை இல்லை.
வலதுக்குப் பசை, கிளிப், கூலி சேர்த்து
நாலாயிரத்து எண்ணூற்று அறுபது ராண்ட்;
டீக்குக் காசு இல்லை.

*

ஆய்வகத்துக் கார் நிறுத்தத்தில்
மஞ்சள் சட்டை போட்டுக் காவல் நிற்கிற எம்புயி
கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார்.
லுபும்பாஷியில் பதினொரு வருஷம் டாக்ஸி ஓட்டியவர்,
இடப்பக்கம் உட்கார்ந்து.
"இது எனக்கு வரவேண்டிய கடிதம்" என்று
சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று அவருக்கு.

பிறகு கோட் மாட்டும் கம்பியை வளைத்து
கதவுக்குள் விட்டுத் துழாவி
கண்ணாடியைக் கரையேற்றினார்.
ஆப்பு வைக்கத் தடித்த காகிதம் வேண்டும் என்றார்.
கையில் வேறு ஒன்றும் இல்லை.
எட்டாய் மடித்து ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே
வருத்தத்தோடு சேர்த்துச் செருகினோம்.

நிற்கிறது. முருகனுக்கு அரைக்குடம் போதும்,
மீதியை எம்புயிக்குச் சாப்பாடாகக் கொடுத்தேன்.

போன வாரம் தொலைபேசியில் ஒரு குரல்:
ரீகால் பணி முடிந்தது, பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?
எந்தப் பக்கத்துக்கு என்று கேட்டேன்.
மன்னிக்கவும், புரியவில்லை என்றது,
மறுபடியும் எத்தனை என்றது.

டொங்காட்டில் இப்போது கதவையே திறந்து
ஒரு காலைத் தார்மேல் வைத்துக் காசு கொடுக்கிறேன்.
பின்னால் லாரிகள் திட்டுகின்றன.
உள்ளே, இடப்பக்கம்,
பெல்ட் போட்ட குளிர்பெட்டிக்கு
பொத்தானைத் தொட்டால் காற்று வருகிறது.